பாலமா, பழமா

செம்மநத்தம்
9.10.1994

சலீமாவுக்கு,

நீ அனுப்பிய 'பழக்கடை' வந்து சேர்ந்தது. நீயே பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய முதல் விளையாட்டு என்றும், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அதனால் சொல்கிறேன்.

உனக்குச் சேலத்தில் யூசுப் அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. எனக்கு வீட்டுக்குப் பின்னால் காப்பி காயப்போடும் களம்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் உன் விளையாட்டை ஓட்டினேன். டப்பா மூடிகளை வரிசையாக வைத்து, நீ பணத்துக்கு வைத்த எழுத்தை ஒரு மூடியிலும், நல்ல பழத்துக்கு வைத்ததை இன்னொன்றிலும், அழுகலுக்கு வைத்ததை மூன்றாவதிலும் கரியால் எழுதினேன். உள்ளே காப்பிக் கொட்டை. உன் காகிதத்தில் வரி வரியாக விரலை நகர்த்திக்கொண்டே, கூட்டு என்ற இடத்தில் கொட்டையைப் போட்டேன், கழி என்ற இடத்தில் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லாத நாட்களில் மரியஜோசப் சார் சாக்பீஸ் துண்டுகளை வைத்து இப்படித்தானே செய்துகாட்டுவார். அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, ஒத்தையிலயே பல்லாங்குழி ஆடறயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி குறை. அழுகிய பழத்தை விற்றால் காசு வருகிறது. யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை, யாரும் திட்டுவதில்லை. ஆகவே ஜெயிக்க ஒரே வழி, எல்லாப் பழத்தையும் அழுக விட்டு மலிவாகத் தள்ளிவிடுவது. எத்தனை தடவை ஓட்டினாலும் அழுகல் விற்றவள்தான் ஜெயிக்கிறாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏற்காட்டுக் கடையில் உன் அத்தா ஆரஞ்சில் ஒரு புள்ளி விழுந்தாலும் எடுத்து மாட்டுக்குப் போடுவார். அவர் மகள் எழுதிய விளையாட்டா இது? வேண்டுமென்று செய்திருந்தால் சரி, அதையாவது ஒரு எண்ணம் என்று சொல்லலாம். கவனிக்காமல் செய்திருந்தால் இன்னும் மோசம்.

வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். கடையில் பிறந்து வளர்ந்தவள் எழுதியதாகத் தெரியவில்லை.

இத்துடன் என் விளையாட்டையும் வைத்திருக்கிறேன். நாலு பக்கம். பெயர் 'கடைசி பஸ்'. சாயந்திரம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் ஏற்காட்டிலிருந்து நடந்தே, இருட்டுவதற்குள் செம்மநத்தம் வந்துசேர வேண்டும். எந்த நாளை நினைத்து எழுதினேன் என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நின்ற நாள். மறுநாள் முதல் நான் பள்ளிக்கூடம் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், சலீமா. நான் எழுதிய எதுவும் ஓடி நான் பார்த்ததே இல்லை. கொட்டையை வைத்து ஓட்டினால் அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, எழுதியவள் நான்தானே. ஒன்றும் தெரியாதவள் ஓட்டினால் எங்கே தடுக்குகிறது, எங்கே சலிக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அதை நீ மட்டும்தான் பார்த்துச் சொல்ல முடியும். மெஷினில் ஓட்டிவிட்டு எழுது.

மாதம்மாள்


சேலம்
24.10.1994

அன்புள்ள மாதுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானச் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அண்ணன், "ஏன் புள்ள, யாரு போயிட்டாங்க?" என்று கேட்கிறது. அழுகல் விஷயம் நீ சொன்னது சரிதான், திருத்திவிட்டேன். ஆனால் ஒரு சிநேகிதி எழுதுகிற கடிதமா அது? அருவருப்பு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே சென்டரில் ஐந்தாறு பையன்கள் கூடுவார்கள். எல்லாரும் சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்கள். ஒருவன் எழுதியதை இன்னொருவன் ஓட்டிப் பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான். "ஏன்டா பொன்னுவேலு, இத எழுதறப்ப தூங்கிட்டிருந்தயா?" என்பான். அவர்கள் ஆண்பிள்ளைகள், அவர்களுக்குள் எப்படியோ போகட்டும். என் 'பழக்கடை'யைப் பார்த்து ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. "நொம்ப நல்லா இருக்குதுங்க சிஸ்டர்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த மரியாதை உனக்கு இல்லையே.

ஒருவர் எழுதியதைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று நான் காட்டுகிறேன், பார்.

'கடைசி பஸ்' சூப்பர். ஆரம்பமே சூப்பர். பஸ் ஸ்டாண்டில் அவள் தனியாக நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. காட்டெருமை வருகிற இடத்தில் உடம்பு சிலிர்த்தது. எல்லாவற்றையும்விட அந்தப் பழம் வருகிற இடம் இருக்கிறதே, அதுதான் அற்புதம். பசியோடு நடந்து வருகிறவளுக்கு முன்னால் ஒரு பழம், அது வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய் பார், எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. முடிவும் அருமை. ஒரு குறையும் இல்லை.

நல்ல சேதி ஒன்று. பொங்கல் கழிந்து இங்கே பொருட்காட்சி போடுகிறார்கள். அண்ணன் சென்டரின் பெயரில் ஸ்டால் எடுக்கிறது. வருகிறவர்கள் விளையாட ஒரு மெஷினை வெளியே வைக்கப் போகிறது. நம் ஆட்கள் எழுதியதையே அதில் போடலாம் என்கிறது. உன் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பேசாத புள்ளயா எழுதுச்சு? போட்டுரலாம்" என்று உடனே ஒத்துக்கொண்டது. உன் பெயரும் வரும். செம்மநத்தம் மாதம்மாள் என்று திரையில் வரும். சந்தோஷம்தானே?

உன் சலீமா


செம்மநத்தம்
6.11.1994

சலீமா,

என் விளையாட்டில் பழம் கிடையாது.

உன் கடிதம் வந்த அன்று ரோட்டோரத்திலேயே நின்று படித்தேன். அப்புறம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெஞ்சு அடைத்தது, உடம்பு சிலிர்த்தது என்ற வரிகளை அம்மா திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். குழாயடியில் அத்தாயி அத்தையிடம், "எம்புள்ள எழுதுனது சேலத்துல பொருட்காட்சியில வருதாமா. கேட்டவிய எல்லாத்துக்கும் ஒடம்பு சிலுக்குதாமா" என்று சொல்லியிருக்கிறாள். அத்தை வீடு தேடி வந்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் மிளகு ஆய்ந்துகொண்டிருக்கும்போது, பழமா, எந்தப் பழம் என்று தோன்றியது. எழுந்து போய் என்னிடம் இருக்கும் படியை எடுத்து நாலு பக்கத்தையும் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் கிடைத்தது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறேன் அல்லவா, அங்கே பி, ஏ, எல், ஏ, எம் என்று இருக்கிறது. முன்னால் பாலம், வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. ஓடைமேல் கிடக்கும் ஒற்றை மரப் பாலம். மழையில் ஊறி நடுவே இற்றுப்போனது. வேண்டும் என்று சொன்னால் முறிந்து, அவள் ஓடைக்குள் விழுவாள். அங்கிருந்து காலில் அட்டை ஏறும். அதற்குப் பிறகு வரும் இரண்டு பக்கமும் அந்த அட்டையைப் பற்றியதுதான்.

இதை ஓட்டியவள் பழம் என்று நினைக்க முடியாது. அந்தக் கேள்வியைத் தாண்டி ஒரு அடி வைத்திருந்தால்கூட நினைக்க முடியாது. நீ ஓட்டவில்லை. இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கவும் இல்லை. முடிவு அருமை என்று எழுதியிருக்கிறாய். முடிவு என்ன என்று உனக்குத் தெரியாது.

கொய்யாவைக் கடித்து, ருசியாக இருக்கிறதே என்று பாதியைத் தின்ற பிறகு கையில் இருக்கும் மீதியில் நெளிவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. உன்மேல் மட்டும் இல்லை. அதைத் தின்றுவிட்டு இனிக்கிறது என்று அத்தை முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே, அந்த முகத்தை நினைத்தால்தான் குமட்டுகிறது.

நீ 'பழக்கடை'யைப் பற்றிக் கேட்டாய். களத்தில் வெயிலில் உட்கார்ந்து, விரல் கறுக்கக் கறுக்க உன் விளையாட்டை வரி விடாமல் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் அருவருப்பு என்று எழுதினேன். உனக்கு முன்னால் மெஷின் இருந்தது. நீ ஓட்டாமலே சூப்பர் என்று எழுதினாய். மரியாதை யாருடையது?

பொருட்காட்சியில் எதையும் போட வேண்டாம்.

மாதம்மாள்


சேலம்
20.11.1994

மாதம்மாளுக்கு,

ஆமாம், ஓட்டவில்லை.

மெஷின் உன் முன்னால் இருக்கிறது என்று சுலபமாக எழுதிவிட்டாய். இருப்பது மூன்று மெஷின். காலையிலிருந்து இரவு வரைக்கும் ஃபீஸ் கட்டியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாசலில் பெயர் எழுதுகிறவள். அண்ணன் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் எனக்கு மெஷின். உன் முதல் பக்கத்தை அடித்து முடிக்கிற நேரத்தில் கரண்ட் போனது, பதிந்து வைக்கவில்லை, எல்லாம் போனது. மறுநாள் திரும்ப அடித்தேன், திரும்பப் போனது. அப்புறம் எனக்கு அலுத்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை நாலு எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டு மலையில் மிளகு ஆய்ந்துகொண்டிருக்கிறவளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று நினைத்தேன். தப்பா?

தப்பு என்றே வைத்துக்கொள். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பி, ஏ, எல், ஏ, எம். இதைப் பாலம் என்று யார் படிப்பார்கள்? நீ ஒருத்திதான் படிப்பாய், ஏனென்றால் ஓடையும் மரமும் உன் மண்டைக்குள் இருக்கிறது. காகிதத்தில் இல்லை. பழக்கடைக்காரர் மகள் பழம் என்றுதான் படிப்பாள். இன்னொருத்தன் பலம் என்று படிப்பான். இது உனக்குத் தோன்றவே இல்லை. பெரிய பரிசோதனைக்காரி, எனக்கு அழுகலைக் கண்டுபிடித்துச் சொன்னாயே, உன் இரண்டாம் பக்கம் உனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். நேரில் உனக்கு வாயே திறக்காது. மரியஜோசப் சார் உன் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று காலைப் பார்ப்பாய். விடை உனக்குத்தான் தெரியும், நான்தான் எழுந்து உனக்காகச் சொல்வேன். அந்த வாயில் வராததையெல்லாம் சேர்த்துவைத்துக் காகிதத்தில் காறித் துப்புகிறாய். எதிரில் இருப்பவள் துடைத்துக்கொள்ள வேண்டும்.

உன் நாலு பக்கமும் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் சொல், திருப்பி அனுப்புகிறேன்.

சலீமா


செம்மநத்தம்
18.12.1994

சலீமாவுக்கு,

கடிதம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எழுதிய அந்த ஒரு இடம் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பாலம் என்று யார் படிப்பார்கள் என்று கேட்டிருந்தாய். யாரிடமாவது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்பது என்றால் வாயைத் திறக்க வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த வார்த்தையைப் பெரிதாக எழுதினேன். அதன் கீழே, நாலாம் பக்கத்தில் இருட்டிய பிறகு வருகிற 'வழி இல்லை' என்பதையும் ஆங்கில எழுத்திலேயே, ழகரத்துக்கும் எல் போட்டு எழுதினேன். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே கணக்கெழுதும் ரைட்டர் செங்கோடன் இருந்தார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காகிதம் வியர்வையில் நனைந்துவிட்டது.

"என்ன கண்ணு, அப்பாரு அனுப்பிச்சாரா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். காகிதத்தை நீட்டினேன். "இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "பலம். வலி இல்லை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, டானிக் கம்பெனி நோட்டீசா? முட்டி வலிக்குக் கேக்குதா இது? எனக்கும் ஒரு பாட்டல் சொல்லு."

ஓடி வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை பஸ் திரும்பி நிற்கும்போது கண்டக்டர் பழனிசாமியிடம் நீட்டினேன். அவர் டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டே, "பள்ளம். வழி இல்லை. சரியாத்தான் எழுதியிருக்குது. யாரு, ரோட்டு ஆபீசுல எழுதச் சொன்னாங்களா? அந்த வளைவுல போர்டு வெக்கோணும்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கறேன்" என்றார். கூட நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "பழமுங்க அது. எங்க பையன் புஸ்தகத்துல இருக்குது" என்றாள்.

பலம், பள்ளம், பழம். ஒருவர்கூடப் பாலம் என்று படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தது எதுவும் அதில் இல்லை. ஓடை இல்லை, மரம் இல்லை, இருட்டு இல்லை. வெறும் ஆங்கில எழுத்து. அதை அடுப்பில் போடலாம் என்று இருந்தது. உன் 'பழக்கடை'யைப் பார்த்து வந்த அருவருப்பைவிட இது அதிகம், ஏனென்றால் இதைப் பெருமையாக மடித்துத் தபால் தலை ஒட்டி அனுப்பியவள் நான்.

ஆகவே நீ சொன்னது சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ உண்மைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே இது என் கையில் இருந்தது. உன் பொய்க் கடிதத்தில்தான் இருந்தது. அந்தப் பழம் அற்புதம் என்று நீ எழுதினாயே, என் விளையாட்டைப் பற்றி யாரும் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படியான குறை. அதைப் பாராட்டு என்று நினைத்து நீ எழுதினாய், பொய் என்று நினைத்து நான் கத்தினேன். இரண்டு பேருக்குமே அப்போது அது குறை என்று தெரியவில்லை. இதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல் இருக்கிறது.

திருத்தங்கள் பின்பக்கம் இருக்கின்றன. பாலம் என்பதை மரப்பாலம் ஆக்கி, நெடிலுக்கு இரண்டு ஏ போட்டிருக்கிறேன். ஓடைச் சத்தம் கேட்கிறது என்று முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வழி இல்லை என்பதை, பாதை தெரியவில்லை என்று மாற்றிவிட்டேன்.

காகிதத்தில் துப்புகிறவள் என்று எழுதியிருந்தாய். இரண்டு பேரிடம் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஓட்டினால் ஓட்டு. அலுப்பாக இருந்தால் திருப்பி அனுப்பு, கோபப்பட மாட்டேன். நல்லா இருக்குது என்று மட்டும் எழுதாதே.

மாதம்மாள்


சேலம்
5.1.1995

மாதுவுக்கு,

ஓட்டினேன். நன்றாக இல்லை.

மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் ஃப்ளாப்பியில் பதிந்துகொண்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிற பையன்களில் பொன்னுவேலைக் கூப்பிட்டு, "இதை எழுதினது எந்தப் பொண்ணுமில்ல, எங்க அண்ணனோட சிநேகிதரு. நீங்க உங்காளுங்ககிட்டப் பேசற மாதிரியே பேசோணும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் கேட்டதையும் எழுதுகிறேன்.

எண்ணை அடிக்க வேண்டிய இடத்தில் தெரியாமல் எழுத்தை அடித்துவிட்டால், திரும்ப முதலிலிருந்து செய் என்று மெஷின் ஆங்கிலத்தில் அதட்டுகிறது. பார்க்கிறவன் பயந்து எழுந்துவிடுவான்.

காட்டெருமை உதவாது. ஓடினாலும் போய்விடுகிறது, நின்றாலும் போய்விடுகிறது. உடம்பு சிலிர்த்தது என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். பொன்னுவேல், "ஏனுங்க, இது காட்டெருமையா, பால்காரரு மாடா? நம்மளப் பாத்து வெக்கப்பட்டுக்கிட்டுப் போகுது" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ அங்கே இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பாய்.

மரப்பாலம் இப்போது சரி. அவன் தயங்காமல் பாலம் என்று படித்தான். முறிந்து விழுந்ததும் "அட நாசமாப்போன பாலமே" என்று மேஜையில் குத்தினான்.

அட்டை இருக்கிறதே, அதில் கை வைக்காதே. நடக்க நடக்க, காலில் எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதைப் பிய்த்து எறிய ஒரு வழியும் நீ வைக்கவில்லை. எனக்கு உண்மையாகவே குமட்டியது. பொன்னுவேல் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

இனி முடிவு. வீட்டுக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும், எந்த வழியில் போனாலும், அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். நாளையில இருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். நான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பாலத்தில் ஏறாமல், அட்டை இல்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன். அப்போதும் அதே. பொன்னுவேல், "ஜெயிச்சமா, தோத்தமான்னே தெரியலீங்க" என்றான். அவன் சொன்னதை நீ மதிக்க வேண்டாம். எனக்கும் ஒன்று உறுத்தியது.

அப்பா அதைச் சொன்னதும் புரோகிராம் முடிகிறது. முடிந்தால் மெஷின் என்ன செய்யும் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கீழே தானாகவே 'ஓகே' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் தினமும் பார்த்திருக்கிறோம். உன் காப்பிக் கொட்டையில் அது வராது. அதனால் நீ யோசித்திருக்க மாட்டாய். ஆனால் திரையில் பார்க்கிறவனுக்கு, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு அந்தப் பெண் ஓகே என்று சொல்லிவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் விரல் தானாகவே ஏதோ அடிக்கப் போனது. ஆனால் அங்கே அடிக்க இடமே இல்லை. விளையாட்டு முடிந்துவிட்டது.

இது பெரிய குறை, மாது. எனக்கு எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

அண்ணனும் பார்த்தது. பொருட்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது, முடிவை மட்டும் மாற்றிக் கொடு என்கிறது. "ஊடு போய்ச் சேந்தா ஒரு மியூசிக்கு, வாழ்த்துக்கள்னு ஒரு வரி. அவ்ளோதான். பொருட்காட்சிக்கு வர்றவங்க கையைத் தட்டிக்கிட்டுப் போகோணும்" என்கிறது. மாற்றாவிட்டால் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டது. உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

சலீமா


செம்மநத்தம்
12.1.1995

சலீமாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். காட்டெருமையைப் பற்றி எழுதிய இடத்தில் உன்மேல் கல்லை விட்டு எறியலாம் போல் இருந்தது. பிறகு அந்த வரிகளைக் கொட்டை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பால்காரர் மாடுதான். மாற்றிவிட்டேன். இனி நின்றால் முட்டும்.

ஓகே விஷயத்துக்கு வருகிறேன். அதைப் படித்த அன்று அப்பா களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்பது போல் பார்த்தார். கேட்பதற்குள் அவர் ஒரு வரிசையைக் கிளறி முடித்துவிட்டார்.

"ஏனுங்கப்பா, அன்னிக்குப் பஸ்ஸ விட்டுட்டு நடந்து வந்தனே, பள்ளிக்கூடம் வேண்டாம்னு சொன்னீங்களே. அப்ப நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

அப்பா கிளறும் பலகையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"என்னுமோ, தெரியலயே சாமி. கோவத்துல சொன்னது. காலைல நீ பையத் தூக்கிட்டு நின்னா என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் எனக்கும் ரோசனையாத்தான் இருந்துச்சு. நீதான் சரிங்கன்னுட்டியே. சரிங்கன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்ட. உனக்கே புடிக்கலயாட்ட இருக்குதுன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன்."

அவ்வளவுதான். திரும்பக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

நான் சரிங்க என்று சொன்னது எனக்கு நினைவில்லை, சலீமா. சொல்லியிருப்பேன். யார் எதைச் சொன்னாலும் சொல்கிற வார்த்தை அது. சோறு போடட்டுமா என்றாலும் சரிங்க, ஆடு ஓட்டிட்டுப் போ என்றாலும் சரிங்க. எழுதும்போது அப்பா பேசியதோடு முடித்துவிட்டேன். நான் சொன்னதை எழுதவில்லை. உங்கள் சென்டர் மெஷின், என்னை ஒருநாளும் பார்த்தது கிடையாது, அது எழுதிவிட்டது. அந்த வார்த்தையை நினைக்க நினைக்க வாயில் அட்டை ஊர்கிற மாதிரி இருக்கிறது.

யூசுப் அண்ணனிடம் கைதட்டல் முடியாது என்று சொல். கோபமாக வேண்டாம், ஆனால் முடியாது என்று சொல். பொருட்காட்சியில் போடாவிட்டால் போகட்டும். அம்மா குழாயடியில் என்ன சொல்லிக்கொள்வாள் என்று தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதிய வரிகள் பின்பக்கம் இருக்கின்றன. அப்பா பேசியதும் இனி விளையாட்டு முடியாது. கேள்விக்குறி ஒன்று வந்து நிற்கும். எண் மட்டும் என்று இல்லாமல், எழுத்து, வார்த்தை, ஆங்கில எழுத்தில் தமிழ், எதை அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறேன். மெஷின் அதட்டாது. ஒன்றும் அடிக்காமல் வெறுமனே என்டரைத் தட்டினால் முடிந்துவிடும், அந்த ஓகேயும் வரும், வரட்டும். எதையாவது அடித்தால், என்ன அடித்தாலும் சரி, மறுநாள் காலை பஸ் வந்து நிற்கும். அதற்குமேல் என்ன என்று இன்னும் எழுதவில்லை. தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை எழுது. பொன்னுவேலிடம் இதை எழுதியது ஒரு பெண் என்று சொல்லிவிடு. சொன்ன பிறகும் அவன் அதே மாதிரி பேசுகிறானா என்று பார்.

இன்னொன்று. அந்த இடத்தில் உன் விரல் ஏதோ அடிக்கப் போனது என்று எழுதியிருந்தாய். என்ன என்று எழுதவில்லை. வகுப்பில் எனக்காக விடை சொல்வாயே, அந்த மாதிரி இதைச் சொல்ல வேண்டாம். எனக்கு என் பதில் ஒன்று இருக்கிறது. இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன். என்ன அடிக்கப் போனாய்?

மாதம்மாள்